மன்னவனூருக்கு வண்டியைத் திருப்புகிறவர்களுக்கு

வாரக்கடைசியில் மலையேறும் நண்பர்களே,

கொடைக்கானல் ஏரியைச் சுற்றியாயிற்று, தூண் பாறையில் படமும் எடுத்தாயிற்று, அப்புறம் "கூட்டமில்லாத இடம் ஏதாவது இருக்கா" என்று யாரோ கேட்க, பூம்பாறை வழியாக இன்னும் ஒரு 35 கிலோமீட்டர் வளைந்து வளைந்து மன்னவனூருக்கு வந்து சேர்கிறீர்கள். தாராளமாக வாருங்கள். நானும் அப்படி வந்தவன்தான், ஊர்க்காரன் இல்லை. வண்டியை விட்டு இறங்கியதும் பச்சைச் சரிவும் அடியில் ஏரியும் ஒருசேரத் தெரிய, பேச்சே வரவில்லை.

ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் இந்த மடல். வண்டியைப் புல்லில் ஏற்றாதீர்கள்.

போன ஐப்பசியில் மழை விட்ட மறுநாள், நாலைந்து பையன்கள் வீடியோவுக்காக ஒரு ஜீப்பைச் சரிவில் ஏற்றினார்கள். பாதியில் சக்கரம் புதைந்தது. இறங்கித் தள்ளி, உறுமவிட்டு, ஒருவழியாக வெளியே எடுத்து, சிரித்துக்கொண்டே போய்விட்டார்கள். தை மாதம் நான் மறுபடி போனேன். அந்த இரண்டு தடமும் அப்படியே கிடந்தன. புல்லின் வேரோடு பிய்ந்த கறுத்த மண், அதில் ஒரு முழங்கை நீளத்துக்குத் தேங்கிய தண்ணீர், காலையில் அதன்மேல் கண்ணாடிச் சில்லு போல உறைபனி. பக்கத்தில் ஒரு மாடு சிப்ஸ் பாக்கெட்டை மென்றுகொண்டு நின்றது. (அது உங்கள் பாக்கெட் என்று சொல்லவில்லை. ஆனால் மாடு கடைக்குப் போய் வாங்கியிருக்காது.)

"புல்தானே, முளைச்சிரும்" என்பீர்கள். நம் வீட்டு வாசல் புல் முளைக்கும். இது வேறு. மலை உச்சியில் பெய்கிற மழையை இந்தப் புல்லும் இடையிடையே மடிப்புகளில் ஒண்டியிருக்கிற சோலைக்காடும்தான் பிடித்து வைத்து, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியவிடுகின்றன. ஒரு காலத்தில் இதைத் தரிசு என்று நினைத்து, சீகை, தைலமரம், பைன் என்று நட்டுத் தள்ளினார்கள். பழனிமலையின் புல்வெளியில் பெரும்பகுதி அப்படித்தான் போயிற்று. நீங்கள் "என்ன அழகான காடு" என்று படம் எடுக்கிற பைன் காட்டுக்கும் அதே கதைதான்.

கொடைக்கானல் ஏரி 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் அணைகட்டித் தேக்கியது. ஆக, ஏரியை மனிதன் உண்டாக்கிவிடலாம். சோலைப் புல்வெளியை உண்டாக்கியவர் யாரையும் எனக்குத் தெரியாது.

2024 மே முதல் இ-பாஸ் இல்லாமல் கொடைக்கு வண்டி ஏறமுடியாது, அதற்கே எவ்வளவு சலித்துக்கொண்டோம். ஆனால் மேலே வந்தபிறகு சக்கரம் எங்கே உருளுகிறது என்று ஒவ்வொரு சரிவிலும் ஆள் நிறுத்திப் பார்க்க யாராலும் ஆகாது, அது ஓட்டுகிறவர் கையில்தான் இருக்கிறது.

நடந்து போங்கள். ஏரிவரை இறங்கி ஏறினால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். பரிசல் ஓடுகிற நாளாக இருந்தால் ஏறிப் பாருங்கள், நடு ஏரியில் இருந்து திரும்பிப் பார்த்தால்தான் அந்தச் சரிவின் அளவு பிடிபடும்.

பிற்பகலில் மூட்டம் இறங்கிவிட்டால் வளைவுகளில் எதிர் வண்டி தெரியாது, அதற்குள் கிளம்பிவிடுங்கள். வழியில் பூம்பாறையில் நிறுத்தி மலைப்பூண்டு வாங்குங்கள், 2019-ல் புவிசார் குறியீடு வாங்கிய பூண்டு. விலை கொஞ்சம் கூடத்தான் சொல்வார்கள். பேரம் பேசாதீர்கள்.