துகள் மோதி பற்றிய பாடமும் முகில் அறைச் செய்முறையும்: பெற்றோர் கவனத்துக்கு

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு வணக்கம்.

பதினோராம் வகுப்பு இயற்பியல் மாணவர்கள் இம்மாதம் துகள் மோதியை, அதாவது அணுவினும் சிறிய துகள்களை மிக வேகமாக ஓடவிட்டு மோதச்செய்யும் எந்திரத்தைப் பற்றிப் படிக்கவிருக்கிறார்கள். அந்த எந்திரம் கருந்துளையை (ஒளியும் தப்பமுடியாத அளவு ஈர்ப்புவிசை கொண்டதை) உண்டாக்கி உலகை விழுங்கிவிடும் என்று கைபேசியில் சுற்றும் காணொளியைக் காட்டிப் பெற்றோர் சிலர் கவலையோடு கேட்டதால் இதை எழுதுகிறேன்.

உலகின் மிகப் பெரிய துகள் மோதி, ஜெனீவாவுக்கு அருகே சுவிட்சர்லாந்து, பிரான்சு எல்லையில், செர்ன் என்னும் ஐரோப்பிய அணுத்துகள் ஆய்வகத்தில், ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்தில் 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள வளையமாக அமைந்துள்ளது. வெற்றிடமாக்கப்பட்ட இரு குழாய்களில் புரோட்டான்களின் (அணுக்கருவிலுள்ள நேர்மின் துகள்களின்) கற்றைகள் எதிரெதிராக ஓடுகின்றன. மின்புலம் சுற்றுக்குச் சுற்று அவற்றின் ஆற்றலைக் கூட்ட, மைனஸ் 271 டிகிரி செல்சியஸ் வரை குளிர்விக்கப்பட்ட மீக்கடத்திக் காந்தங்கள் (மின்தடையே இல்லாத கம்பிச்சுருள்களால் ஆன மின்காந்தங்கள்) அவற்றைப் பாதை விலகாமல் வளைக்கின்றன. (அக்காந்தங்களைத் தாங்கும் ஜாக்கிகள் இந்தியாவிலிருந்து சென்றவை என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.) ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் நொடிக்கு 11,000 தடவைக்கு மேல் சுற்றும் புரோட்டான்கள், உணர்கருவிகள் சூழ்ந்த நான்கு இடங்களில் நேருக்கு நேர் மோதுகின்றன.

உடைத்து உள்ளே பார்ப்பதற்கே இந்த ஏற்பாடு என்று எண்ணுவது பாதிதான் சரி. களத்தில் கதிரடித்தால் கதிரில் இருந்த நெல்தான் உதிரும். இங்கோ, மோதலின் ஆற்றல் நிறையாக மாறுவதால், முன்பு இல்லாத துகள்களே பிறக்கின்றன. அப்படிப் பிறந்து, 2012 ஜூலையில் கண்டுபிடிப்பாக அறிவிக்கப்பட்ட ஹிக்ஸ் போசான் என்னும் துகள், ஒரு புரோட்டானைப்போல் ஏறத்தாழ 133 மடங்கு நிறையுடையது. பிறந்த கணமே அது சிதைந்துவிடுவதால், சிதைவில் தோன்றிய துகள்களின் தடங்களைக் கொண்டே அதை அடையாளம் கண்டார்கள். அடிப்படைத் துகள்கள் நிறை பெறுவது எப்படி என்று இயற்பியலாளர்கள் பீட்டர் ஹிக்ஸ், பிரான்சுவா எங்லேர் முதலானோர் 1964-இல் எழுதியதற்கு இவ்வளவு பெரிய எந்திரம் வந்த பிறகே சான்று கிடைத்தது.

கருந்துளை அச்சத்துக்கு வருகிறேன். அந்த எந்திரத்தின் மோதல்களைவிட ஆற்றல் மிகுந்த மோதல்களைக் காஸ்மிக் கதிர்கள் (விண்வெளியிலிருந்து பாய்ந்து வரும் துகள்கள்) நம் வளிமண்டலத்தில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக நிகழ்த்தி வருகின்றன. பூமிக்கு ஒன்றும் ஆகவில்லை.

வளிமண்டலத்தில் நிகழும் அம்மோதல்களில் பிறக்கும் மியூவான்கள் என்னும் மின்னூட்டமுள்ள நுண்துகள்கள் நம் வகுப்பறைக் கூரையையும் துளைத்து வருபவை. அவற்றின் தடங்களைக் காண, உலர் பனிக்கட்டியும் (உறைந்த கரியமில வாயு) ஆல்கஹாலும் கொண்டு மாணவர்கள் முகில் அறை ஒன்றை, அதாவது துகள் சென்ற வழியை மெல்லிய முகில் கோடாகக் காட்டும் மூடிய பெட்டியை, அமைக்கவுள்ளனர். உலர் பனிக்கட்டி வெறுங்கையைப் புண்ணாக்கும், ஆல்கஹால் எளிதில் தீப்பற்றும் என்பதால், அவ்விரண்டையும் ஆசிரியரே கையாள்வார். கூடத்தின் சன்னல்களைத் திறந்துவைத்து, இருட்டிய பிறகே இதைச் செய்ய வேண்டியிருப்பதால், பிள்ளைகளை அழைத்துச்செல்ல வீட்டிலிருந்து ஒருவர் இரவு 8 மணிக்கு வருமாறு கேட்டுக்கொள்கிறேன்; முன்னதாக வருபவர்களும் உள்ளே வந்து பார்க்கலாம். இணைப்பிலுள்ள ஒப்புதல் படிவத்தில் கையொப்பமிட்டு வரும் வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்,
அரசு மேல்நிலைப்பள்ளி,
கும்பகோணம் வட்டம்.