கண்ணுக்கு அப்பா எழுதுறது

கண்ணு, நல்லாருக்கியா. போன் எடுக்க நேரம் இருக்காதுன்னு தான் டைப் பண்றேன், மெதுவா படி. ஜெர்மனில, உங்க கார்ஹிங்ல குளிர் எப்படி, ராத்திரி சாப்பாட்ட விட்றாத. அம்மாவுக்கு சுகர் பரவால்ல. சின்ன பசு கன்னு போட்டுருச்சு.

மாமா வீட்டு சீர் அன்னைக்கி வீடியோ கால்ல வந்த, அதோட 19 நாள் ஆச்சு. வேலை ஜாஸ்தின்னு நெனச்சுக்கறேன். சாப்புடு.

நீ பாக்கற தெசான் பத்தி, அதான் பிரபஞ்சத்துல மொத வெளிச்சம் எப்படி பரவுச்சுன்னு கம்ப்யூட்டர்லயே நடத்திப் பாக்கற கணக்கு, தம்பிய படிச்சு சொல்லச் சொன்னேன். 2022ல வந்துச்சாமா, உங்கூரு சூப்பர் கம்ப்யூட்டர்ல கணக்கு போடற கோர் 60,000 ஒண்ணா ஓடி 3 கோடி மணி நேரக் கணக்காம், சாதா கம்ப்யூட்டர்னா 3,500 வருஷம் ஆகுமாம், எம்புள்ள அதுல வேலை பாக்குதுன்னு நெனச்சா நெஞ்சு நெறையுது. மொதல்ல ஒரே இருட்டு, ஹைட்ரஜனும் ஹீலியமும் தான், அது, கண்ணுக்குத் தெரியாத டார்க் மேட்டர் குவிஞ்ச எடத்துல போயி விழுந்து சூடேறுது, அந்த சூட்ட வெளிய விட்டா தான் சுருங்கி நட்சத்திரம் ஆகும்னான். அப்பறம் அந்த வெளிச்சம் சுத்தியிருக்கற ஹைட்ரஜன்ல எலக்ட்ரான பிச்சுப் பிச்சு, குமிழி குமிழியா பரவி, 100 கோடி வருஷம் போல ஆச்சாம் எல்லாம் தெளிய. நான் லைன்மேனா இருந்தவன், ஒரு முனைல இருந்து கம்பம் கம்பமா வெளிச்சம் போகும்னு நெனச்சேன். அப்படி இல்ல, அங்கங்க தனித்தனியா எரிஞ்சு அப்பறம் தான் ஒண்ணு சேருதாம்.

இத்தன வருஷத்துல ஒரு நாளாவது நானா கேட்டிருக்கலாம். நீயும் ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்.

அன்னைக்கி அத்தை ஐடி கம்பெனில லீவு தரமாட்டாங்களான்னு கேட்டப்ப உன் மொகம் போனத நான் பாத்தேன். நான் தான் கண்ணு அப்படி சொல்லி வெச்சது, ஆறு வருஷமா எல்லார்கிட்டயும். நட்சத்திரத்துக்கு கணக்கு போட எவன் சம்பளம் தருவான்னு கேப்பாங்க, எனக்கு பதில் தெரியாது. உன்ன நெனச்சு வெக்கப்படல. இல்ல, அது பொய், கொஞ்சம் பட்டேன்.

நேத்து பால் சொசைட்டில கேட்டாங்க, உள்ளத சொன்னேன். சூடு எப்படி வெளிய போகுதுன்னு ஒருத்தர் கேட்டார். ரெண்டு ரெண்டு ஹைட்ரஜனா சேந்து கடத்துதுன்னு தம்பி சொன்னத சொன்னேன், எப்படி கடத்துதுன்னு மறுக்கா கேட்டார், எனக்குத் தெரியல. புள்ளைய கேட்டு சொல்றேன்னுட்டேன். எத்தன மணி ஆனாலும் போன் பண்ணு, முழிச்சிருப்பேன். சாப்புட்டு பண்ணு.

அப்பா