மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி,

உன் பெயரை இங்கே எழுதவில்லை. இது யார் வேண்டுமானாலும் படிக்கக்கூடிய இடம். உன் உடம்பில் இருப்பதை யாரிடம், எப்போது சொல்வது என்பதை நீதான் முடிவு செய்யவேண்டும். ஆனால் நீ கேட்ட கேள்வியை, பிறக்கும்போதே எச்.ஐ.வி.யோடு பிறந்த இன்னும் எத்தனையோ பிள்ளைகள் வெளியில் கேட்காமல் மனதுக்குள்ளேயே வைத்திருப்பார்கள், அதனால்தான் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

போன தடவை வந்தபோது பரிசோதனைத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தாய். விரித்து, இரண்டு வரிகளுக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்ததைக் காட்டினாய். ஒன்று வைரல் லோட், அதாவது ரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்பது, கண்டறிய முடியாத அளவு. இன்னொன்று சி.ஆர்.பி., உடம்பில் அழற்சி இருந்தால் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம், எண்ணுக்குப் பக்கத்தில் மேலே பார்க்கும் அம்புக்குறி. "வைரஸ்தான் அடங்கிடுச்சே அக்கா, அப்புறம் உடம்புக்குள்ள எதுக்கு இன்னும் சண்டை நடக்குது?" என்று கேட்டாய். அதோடு, நீ எடுக்கும் செப்ட்ரான் என்ற ஆன்ட்டிபயாடிக்கை நிறுத்திவிட்டு, குடலுக்கு நல்லது என்று விளம்பரம் வரும் அந்த பாக்டீரியா கேப்சூலைப் போடலாமா என்றும் கேட்டாய். வெளியே வரிசை நீண்டிருந்தது, நான் "அதெல்லாம் ஒன்றுமில்லை, சரியாகிவிடும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது தப்பு. நீ கேட்டது நல்ல கேள்வி, ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்காகப் பின்தொடரும் கேள்வியும் அதுதான்.

முதலில் ஒன்று. ஒரே ஒரு தடவை சி.ஆர்.பி. கூடியிருப்பதை வைத்துப் பயப்படாதே. சளிக்காய்ச்சலுக்கும் கூடும், பல்லில் சீழ் இருந்தாலும் கூடும். ஆனால் மருந்தை ஒழுங்காகப் போட்டு வைரஸ் அடங்கிய பிள்ளைகளிடமும் அழற்சியின் அடையாளங்கள் மற்ற பிள்ளைகளைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பெரிய தீ அணைந்த பிறகும் அடியில் தணல் கிடக்கிற மாதிரி. அந்தத் தணல் பெருமளவு எங்கே இருக்கிறது தெரியுமா, குடலில்.

எச்.ஐ.வி. என்றால் ரத்தத்தில் இருக்கும் நோய் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், எண்ணிப் பார்ப்பதும் ரத்தத்தில்தானே. ஆனால் நம் நோய் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பங்கு குடல் சுவரை ஒட்டித்தான் குடியிருக்கிறது. வைரஸ் உள்ளே வந்த சில வாரங்களிலேயே அங்கே இருக்கும் சிடி4 என்ற எதிர்ப்பு அணுக்களை வாரிச் சுருட்டிவிடுகிறது, ரத்தத்தில் எண்ணிக்கை ஓரளவு நன்றாகத் தெரியும்போதே. குடலின் உள்தோல் இருக்கிறதே, அது ஒரே ஓர் அணு அளவு கனம். ஒன்றோடொன்று இறுக்கமாகக் கைகோத்து நிற்கும் அணுக்களின் ஒற்றை வரிசை, மேலே கொஞ்சம் சளிப்படலம், அவ்வளவுதான். சில நாளுக்கொரு முறை பழைய அணுக்கள் உதிர்ந்து புதியவை வந்துகொண்டே இருக்கும். அந்தப் பக்கம் கோடிக்கணக்கில் பாக்டீரியா, இந்தப் பக்கம் உன் ரத்தம். வேலியில் எங்கே ஓட்டை விழுகிறது என்று பார்த்து அடைக்கச் சொல்லும் காவல்காரர்கள் அந்த சிடி4 அணுக்களில் ஒரு வகை, டிஎச்17 என்பார்கள். வைரஸ் முதலில் காலி செய்பவர்களில் அவர்களும் உண்டு.

காவல் போனால் கசிவு வரும். முழு பாக்டீரியா வரவேண்டும் என்றில்லை, அதன் மேலுறையில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடு என்ற பொருளின் துணுக்குகள் ரத்தத்தில் கலந்தாலே போதும், உடம்பு "எதிரி நுழைந்துவிட்டான்" என்று மணி அடிக்க ஆரம்பித்துவிடும். நாள்பட்ட எச்.ஐ.வி.யில் எதிர்ப்புச் சக்தி ஓயாமல் கொதித்துக்கொண்டே இருப்பதற்கு இந்தக் கசிவு ஒரு காரணம் என்று 2006இல் ஓர் ஆய்வு காட்டியது, அதன் பிறகுதான் இந்தத் துறையே குடலைத் திரும்பிப் பார்த்தது. நீ கேட்ட சண்டை இதுதான் தம்பி. வைரஸோடு நடந்த சண்டையில் வேலி உடைந்தது, வைரஸ் அடங்கியும் வேலி முழுசாகச் சேரவில்லை.

பெரியவர்களுக்கும் இது நடக்கிறது, ஆனால் உன்னைப்போல் பிறவியிலேயே வந்தவர்களுக்கு நேரம்தான் கொடுமை. குழந்தையின் குடலில் பாக்டீரியாக் கூட்டம் குடியேறுவது பிறந்த நாளிலிருந்து தொடங்கி, பெரியவர்களுடையதைப்போல் ஆவதற்குச் சுமார் 3 வயது ஆகிறது. தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்கவே முடியாத சில சர்க்கரைகள் உண்டு. அவை குழந்தைக்கானவை அல்ல, பிஃபிடோ பாக்டீரியாவுக்கு இரை. (இதை முதன்முதலில் படித்த அன்று எனக்கு ரொம்ப நேரம் வேறு வேலை ஓடவில்லை. தாய் தன் குழந்தைக்கு மட்டுமல்ல, குழந்தைக்குள் வந்திருக்கும் விருந்தாளிகளுக்கும் சேர்த்துப் பால் கொடுக்கிறாள்.) அந்தக் கூட்டமும் எதிர்ப்புச் சக்தியும் ஒன்றையொன்று பார்த்துப் பழகும் மாதங்களிலேயே வைரஸும் உள்ளே இருந்தால் அந்தப் பழக்கம் கோணலாகிவிடுகிறது. ஹைட்டியில் நடந்து 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வில், தாய்க்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்து குழந்தைக்குத் தொற்றாத நிலையிலும்கூட அந்தக் குழந்தைகளின் பாக்டீரியாக் கூட்டம் வேறுபட்டிருந்தது. குடல் அணுக்களுக்கு உணவான பியூட்டிரேட்டைத் தயாரித்துக் கொடுக்கும் ஃபீகாலிபாக்டீரியம் போன்றவை எச்.ஐ.வி.யுள்ளவர்களிடம் குறைந்திருப்பதும் பல ஆய்வுகளில் தெரிகிறது.

இதில் உன் அம்மாவின் தவறு எதுவும் இல்லை, உன் தவறும் இல்லை. நான் இதைப் பேச்சுக்குச் சொல்லவில்லை.

சரி, செப்ட்ரானுக்கு வருகிறேன். கோட்ரைமாக்சசோல் என்ற பழைய, எளிய மருந்து அது. உன் கையில் அது இருந்து நான் பார்த்திருக்கிறேன், நடுவில் கோடு போட்ட வெள்ளை மாத்திரை, நீ அதைக் கட்டை விரலால் அழுத்திப் பாதியாக்கி, கசப்பு நாக்கில் படாமல் பின்னால் தள்ளி விழுங்குவாய். "ஆன்ட்டிபயாடிக் குடல்ல இருக்கிற நல்ல பாக்டீரியாவையும் கொன்னுடும்னு படிச்சேன்" என்றாய். பொதுவாக அது சரிதான், நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இந்த மருந்தின் கதை வேறு.

ஜாம்பியாவில் எச்.ஐ.வி.யுள்ள, 1 முதல் 14 வயது வரையான 541 பிள்ளைகளிடம் நடந்த சோதனை 2004இல் வெளிவந்தது. அங்கே பல பாக்டீரியாக்கள் இந்த மருந்துக்கு ஏற்கெனவே மசியாதவை. அப்படியிருந்தும் மருந்து எடுத்தவர்களிடம் இறப்பு ஆபத்து 43 சதவீதம் குறைந்தது. பிறகு உகாண்டாவிலும் ஜிம்பாப்வேயிலும் ஏ.ஆர்.டி., அதாவது எச்.ஐ.வி.யை அடக்கும் மருந்து, எடுத்து நன்றாக இருந்த 758 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு மட்டும் கோட்ரைமாக்சசோலை நிறுத்திப் பார்த்தார்கள். 2014இல் முடிவு வந்தது. தொடர்ந்தவர்களில் 48 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள் அல்லது இறந்தார்கள், நிறுத்தியவர்களில் 72 பேர். மலேரியாவையும் தொற்றுகளையும் தடுத்ததால் வந்த வித்தியாசம் அது என்று அப்போது நினைத்தது நியாயம்தான். அதே பிள்ளைகளின் ரத்தத்தையும் மலத்தையும் எடுத்து இன்னும் ஆழமாகப் பார்த்து 2019இல் எழுதினார்கள் பார், அதுதான் உன் கேள்விக்கான பதில். தொடர்ந்தவர்களிடம் சி.ஆர்.பி. குறைவு, ஐ.எல்.-6 என்ற இன்னோர் அழற்சி அடையாளமும் குறைவு. குடல் பாக்டீரியாக் கூட்டம் மொத்தமாகக் கலையவில்லை, அழற்சியோடு சேர்ந்து வரும் ஒரு வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மட்டும் அடங்கியிருந்தது. ஆய்வகத்தில் சோதித்தபோது எதிர்ப்பு அணுக்களின் கொதிப்பையும் குடல் அணுக்களின் கொதிப்பையும் அந்த மருந்து நேரடியாகவே குறைத்தது.

நீ கசப்பு என்று ஒதுக்க நினைத்த மாத்திரை, நீ கவலைப்பட்ட அதே தணலின் மேல்தான் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறது.

அதற்காக ஆயுள் முழுக்க எல்லோரும் போடவேண்டும் என்று சொல்லவில்லை. மலேரியாவும் கடும் பாக்டீரியாத் தொற்றும் அதிகமுள்ள இடங்களில் பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகும் வரை தொடரச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். மற்ற இடங்களில் 5 வயதுக்கு மேல் உடம்பு நிலையாக இருந்து, வைரஸ் அடங்கி, ரத்தத்தில் சிடி4 எண்ணிக்கை 350க்கு மேல் இருந்தால் நிறுத்துவதைப் பற்றி யோசிக்கலாம். ஆக, நிறுத்துவது தவறே இல்லை, நீயாக நிறுத்துவதுதான் தவறு. டாக்டரிடம் கேள், நானும் கூட உட்காருகிறேன்.

அந்தக் கேப்சூல் வேண்டாம், இப்போதைக்கு. எச்.ஐ.வி.யில் அவற்றை வைத்து நடந்த சோதனைகள் பெரும்பாலும் சிறியவை, ஒன்று சொன்னதை இன்னொன்று சொல்லவில்லை. எதிர்ப்புச் சக்தி ரொம்பக் குறைந்தவர்களிடம் கேப்சூலில் இருக்கும் உயிருள்ள பாக்டீரியாவே ரத்தத்தில் இறங்கித் தொற்றான சம்பவங்களும் அபூர்வமாக உண்டு. உனக்கு அந்த நிலை இல்லை, ஆனாலும் டாக்டருக்குத் தெரியாமல் எதுவும் வேண்டாம்.

ஏ.ஆர்.டி.யை மட்டும் ஒரு நாளும் விடாதே. இதில் நான் கெஞ்சவும் தயார். 2006இல் வந்த ஒரு பெரிய சோதனையில், பெரியவர்கள் 5,472 பேரில் ஒரு பாதியினர் மருந்தை விட்டு விட்டு எடுத்தார்கள். அவர்களிடம் இறப்பு கூடியது, அழற்சி அடையாளங்களும் ஏறின. விடுகிற ஒவ்வொரு இடைவெளியிலும் வைரஸ் அந்த வேலிக்குத் திரும்பி வருகிறது.

அடுத்த தடவை அந்தத் தாளைக் கொண்டுவா. சளி, காய்ச்சல் இல்லாத நாளாகப் பார்த்து சி.ஆர்.பி.யை மறுபடி எடுக்கச் சொல்லிக் கேட்போம். பல்லையும் காட்டிவிடலாம், இடது பக்கம் மெல்லாமல் நீ சாப்பிடுவதைக் கவனித்தேன். இந்த முறை கடைசி டோக்கன் வாங்கு, அவசரமில்லாமல் பேசலாம்.

அன்புடன்,
அக்கா