நானும் ஒரு காலத்தில் அதிபர்தான்

யாழ்ப்பாணம்

அன்புள்ள மச்சானுக்கு,

நாங்கள் சுகம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று போனில் கேட்க நினைத்திருந்தேன். உன் மருமகள் போட்ட கேள்வியில் அது அடிபட்டுப் போய்விட்டது.

"நேற்று அதிபர் வீட்டுக்கு வந்தவர், திண்ணையில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்" என்று நான் சொன்னேன். பின்னாலிருந்து அந்தப் பிள்ளை, "அங்கிள் வீட்டுக்கு அதிபரே வந்தாரா? போலீஸ் பாதுகாப்பெல்லாம் எப்படி?" என்று பதறிப்போய்க் கேட்டாள். நீ விழுந்து விழுந்து சிரித்தாயே தவிர, அவளுக்கு விளக்கம் சொன்னதாகத் தெரியவில்லை. திருச்சிக்குப் போய் முப்பது வருடத்துக்கு மேலாகிவிட்டது, உனக்கே பாதி மறந்திருக்கும். ஆகையால் இந்தக் கடிதத்தை அவளுக்கும் வாசித்துக் காட்டு.

வந்தவர் நாங்கள் படித்த பள்ளிக்கூடத்தின் புது அதிபர். ஹெல்மெட்டும் கையுமாக மோட்டார் சைக்கிளில் வந்தார். பரிசளிப்பு விழா மலருக்குப் பழைய மாணவன் என்ற முறையில் ஏதாவது எழுதித் தரச் சொன்னார். அவ்வளவுதான் சங்கதி. நீங்கள் தலைமை ஆசிரியர் என்று சொல்பவரை நாங்கள் அதிபர் என்கிறோம். அவர்களுக்கென்று அரசாங்கத்தில் ஒரு சேவைப் பிரிவே உண்டு, 'இலங்கை அதிபர் சேவை' என்று பெயர். 2021 இல் சம்பளப் பிரச்சினைக்காக மாதக்கணக்கில் போராட்டம் நடந்தபோது 'அதிபர், ஆசிரியர் பணிப்பகிஷ்கரிப்பு' என்றுதான் எங்கள் பத்திரிகைகள் எழுதின. உன் மருமகள் அதைப் பார்த்திருந்தால், நாட்டின் தலைவரே வேலைநிறுத்தம் செய்கிறார் என்று நினைத்திருப்பாள். அந்த நாட்டைப் பற்றி என்ன எண்ணியிருப்பாளோ!

பள்ளிக்கூடத்தோடு இது முடியவில்லை. ரயில் நிலையத்தில் இருப்பவர் நிலைய அதிபர். தபாற்கந்தோரில் இருப்பவர் தபாலதிபர். மாவட்டத்துக்கு அரசாங்க அதிபர், பொலிசுக்கு மேலே பொலிஸ் மா அதிபர், சட்டத்துக்குச் சட்டமா அதிபர். வெள்ளைக்காரன் 'ஜெனரல்' என்று வால் வைத்த இடத்தில் நாங்கள் நடுவிலே ஒரு 'மா' போட்டுச் சமாளித்துவிட்டோம். ஆனால் நாட்டின் தலைவரை மட்டும் எங்களில் யாரும் அதிபர் என்பதில்லை, அவர் ஜனாதிபதி. உங்கள் பக்கத்தில் அமெரிக்க அதிபர், ரஷ்ய அதிபர் என்று எழுதுகிறார்கள், சொந்த நாட்டுக்கு வரும்போது குடியரசுத் தலைவர் என்கிறார்கள். அதுபோக, காசு உள்ளவன் எல்லாம் அங்கே அதிபர்: தொழிலதிபர், நகைக்கடை அதிபர், பட அதிபர். அங்கே அந்தச் சொல் காரில் போகிறது. இங்கே சைக்கிளில் வருகிறது.

மருமகள் எங்களைப் பார்த்துச் சிரித்தால் நீ விட்டுக் கொடுக்காதே. முதல்வர் என்றால் யார் என்று கேள். கோட்டையில் இருப்பவரும் முதல்வர், கல்லூரியில் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போடுபவரும் முதல்வர். இங்கே முதல்வர் என்றால் மாநகர சபைக்குத் தலைவர். 'கச்சேரிக்குப் போகிறேன்' என்று நான் சொன்னால் என்ன நினைப்பாள்? பாட்டும் மிருதங்கமும். நான் போவது அரசாங்க அதிபரின் அலுவலகத்துக்கு, ஓய்வூதியக் கடுதாசி ஒன்றைத் தூக்கிக்கொண்டு. அங்கே எனக்கு ஒரு சுருதியும் சேர்ந்ததில்லை என்பது வேறு கதை.

போனை வைத்த பிறகு எனக்கு இந்தச் சொல்லின் மேல் ஒரு பைத்தியம் பிடித்துவிட்டது. இரண்டு நாள் அகராதியும் கையுமாக இருந்தேன். வீட்டுக்காரி கதைப்பதையே நிறுத்திவிட்டாள். அவளும் ஓய்வுபெற்ற அதிபர் என்பது உனக்குத் தெரியும்தானே, தன்னைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறேனாக்கும் என்று சந்தேகம்.

அதிபர் வடமொழிச் சொல். 'அதி' என்றால் மேல், 'ப' என்றால் காப்பவன். மேலே இருந்து காப்பவன் அதிபன், மரியாதைக்கு அதிபர். எங்கள் எழுத்தில் ஒரு சங்கடம் இருக்கிறது. வடமொழியில் 'அதி' இரண்டு. ஒன்று மெல்லிய 'தி', அளவு மீறியது என்ற பொருள்: அதிசயம், அதிமேதாவி. மற்றது மூச்சு விட்டு அழுத்திச் சொல்லும் 'தி', மேல் என்ற பொருள்: அதிகாரம், அதிபர். தமிழில் இரண்டும் ஒரே எழுத்தில் வந்து நிற்பதால் அதிபருக்கும் அதிமேதாவிக்கும் உறவு இருப்பது போலத் தெரிகிறது. (சிலரைப் பார்த்தால் உறவு உண்டு என்றும் படுகிறது.) நாகபட்டினத்தில், கிடைத்த பொன் மீனைச் சிவனுக்கென்று கடலிலேயே விட்ட அதிபத்த நாயனாரை, பள்ளிக்கூட அதிபர் என்று நீ பரீட்சையில் எழுதியது நினைவிருக்கிறதா? அவர் அதி பத்தர், பெரிய பக்தர். நீ அதையும் இதையும் ஒட்டிவிட்டாய்.

அந்தக் 'காப்பவன்' இன்னோர் இடத்திலும் ஒளிந்திருக்கிறான். நிருபன் என்றால் அரசன், மனிதரைக் காப்பவன். ஆனால் பத்திரிகை நிருபர் அவனுடைய உறவில்லை. அவர் நிருபம், அதாவது கடிதம், எழுதி அனுப்புபவர். உடுப்பு ஒன்று, ஆள் வேறு.

அதிபதி என்பது அதிபரின் அண்ணன். அதன் பின்பாதியான 'பதி' தலைவன், கணவன் இருவருக்கும் பொது. கொடுங்கோலனை ஆங்கிலத்தில் டெஸ்பொட் என்பார்களே, அதன் கிரேக்க மூலத்தின் பின்பாதியும் இந்தப் பதிக்குச் சொந்தக்காரன்தான். முதலில் அதற்கு வீட்டுத் தலைவன் என்றுதான் பொருள். வீட்டில் தொடங்கியது எங்கே போய் முடிந்தது பார். 2007 இல் உங்கள் நாட்டுக்குக் குடியரசுத் தலைவராகப் பிரதிபா பாட்டீல் வந்தபோது, ஒரு பெண்ணை எப்படி ராஷ்டிரபதி என்பது என்று வடக்கே பெரிய வாதம் நடந்தது. இங்கே 1994 இல் சந்திரிகா வந்தார், அவரையும் ஜனாதிபதி என்றோம். அதிபர் என்று 'அர்' போட்டுவிட்டால் ஆணா பெண்ணா என்ற கேள்வியே எழாது. இது தமிழ் செய்த கெட்டித்தனம்.

பதி என்றதும் உனக்குச் சமயபாடம் ஞாபகம் வந்திருக்கும். பதி, பசு, பாசம். வாத்தியார் 'பசு பற்றி எழுதுக' என்று கேட்க, ஆன்மாவை விட்டுவிட்டு மாட்டுக்கு நான்கு கால், ஒரு வால், பால் தரும் என்று ஒரு பக்கம் எழுதினாய். முழு வகுப்புக்கும் வாசித்துக் காட்டினாரே!

தமிழில் இன்னொரு பதி இருக்கிறது, ஊர் என்ற பொருளில். பதிந்து வாழும் இடம் பதி. சிலப்பதிகாரம் புகாரைச் சொல்லும்போது 'பதியெழுவறியாப் பழங்குடி' என்கிறது, ஊரை விட்டு எழுந்து போக வேண்டிவராத பழைய குடிகள் என்று. முன்பு அந்த வரியைப் படிக்கும்போது அழகாக இருந்தது. 1995 ஒக்டோபர் கடைசியில், போரால் ஊரை விட்டு, மழைக்குள் பெட்டியும் படுக்கையுமாக நாவற்குழிப் பாலத்தால் சனத்தோடு சனமாக நகர்ந்த பிறகு அதை என்னால் வாய்விட்டு வாசிக்க முடிந்ததில்லை. சரி, விடு.

அரசாங்க அதிபரிடம் வருவோம், இதில்தான் எனக்கு நல்ல ருசி கிடைத்தது. ஆங்கிலத்தில் அந்தப் பதவியின் பெயர் 'ஏஜண்ட்'. ஏஜண்ட் என்றால் முகவர், வேறொருவருக்காகக் காரியம் பார்ப்பவர். காப்புறுதிக்கு ஆள் பிடிக்க வருபவரும் முகவர்தான். அந்தச் சொல்லைத் தமிழாக்கியவர் அரசாங்க முகவர் என்று போடாமல் அரசாங்க அதிபர் என்று போட்டாரே, அவர் அகராதியைப் பார்க்கவில்லை, கதிரையில் இருந்த ஆளைப் பார்த்திருக்கிறார். இங்கே அரசாங்க அதிபராக டைக் என்றொரு துரை இருந்தார். 1829 இல் வந்தவர், இடையில் சிறிது காலம் தவிர, 1867 இல் கோப்பாயில் சாகும்வரை வடபகுதியை ஆண்டார். 'வடக்கின் ராஜா' என்று அவருக்குப் பெயர். யாழ்ப்பாணத்துப் பழைய பூங்கா அவர் உண்டாக்கியது. முகவர் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

பிறகு சொற்கள் ஒவ்வொன்றாகப் பணிவாகிக்கொண்டே வந்தன. ஒரு பிரிவை ஆண்ட மணியகாரன் 1946 இல் போய்க் காரியாதிகாரி வந்தார். அவருக்குப் பிறகு உதவி அரசாங்க அதிபர். 1992 இல் சட்டம் வந்து அவரும் பிரதேச செயலாளர் ஆனார். அரசாங்க அதிபரும் இப்போது மாவட்டச் செயலாளர்தான். கீழே ஊர்த் தலைவரான விதானையார் 1963 இல் போய்க் கிராம சேவகர் வந்தார். அதிபர் செயலாளரானார், விதானை சேவகரானார், வாசலில் நிற்கும் வரிசை மட்டும் அப்படியே நிற்கிறது. சனமும் லேசுப்பட்டதல்ல. இன்றைக்கும் 'விதானையிடம் கையெழுத்து வாங்கிவிட்டு வா' என்றுதான் சொல்கிறது.

ஏன் இத்தனை அதிபர்கள் என்பதற்குச் சிங்களத்தையும் பார்க்க வேண்டும். அங்கே அரசாங்க அதிபர் திசாபதி, பள்ளி அதிபர் விதுஹல்பதி, பொலிஸ் மா அதிபர் பொலிஸ்பதி. எல்லாம் பதி. தமிழ் அதிபரும் சிங்களப் பதியும் ஒரே கந்தோரில் ஒரே மேசையில் இருக்கிறார்கள். தபால் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொழும்பில் பயிற்சி. என்னோடு இருந்த சிங்களப் பெடியன் தன் மாமா 'நீதிபதி'யிடம் வேலை செய்கிறார் என்றான். ஒரு மாதம் அந்த மாமாவை நீதிமன்றத்து ஆளாகவே நினைத்திருந்தேன். சிங்களத்தில் நீதி என்றால் சட்டம், நீதிபதி என்றால் சட்டமா அதிபர். தீர்ப்புச் சொல்கிறவரும் வழக்குப் பேசுகிறவரும் என் தலைக்குள் ஒரே ஆளாகியிருந்தார்கள்.

ஆம், தபால். நானும் ஒரு காலத்தில் அதிபர்தான், உப தபாலதிபர். என் ஆட்சிக்குள் ஒரு தராசு, ஒரு முத்திரைப் பெட்டி, திகதி மாற்ற மறந்தால் அவமானப்படுத்தும் ஒரு சீல், ஒரு தபாற்காரர். மேலதிகாரி ஒருவர் வந்து, கணக்கில் ஒரு முத்திரை குறைந்ததற்காக எல்லோருக்கும் முன்னால் என்னைக் கிழித்துத் தொங்கவிட்ட நாளும் உண்டு. அவர் பெயர் இப்போதும் நினைவில் இருக்கிறது, எழுதப் போவதில்லை.

தொண்ணூறுகளில் கடிதம் வருவது எப்படி என்று உனக்குத் தெரியும். வாரக்கணக்கு, சிலவேளை மாதக்கணக்கு. நீ எழுதியவையும் அப்படித்தான் வந்தன. ஓர் ஆச்சி ஒன்றுவிட்ட ஒருநாள் வருவா. மகன் வெளிநாட்டில். ஜன்னலுக்குக் கீழே நின்று, "அதிபரையா, இண்டைக்காவது ஏதும் வந்ததோ?" என்பா. இல்லை என்றால் கோபிக்கமாட்டா. கொண்டு வந்த முருங்கைக்காயை மேசையில் வைத்துவிட்டுப் போவா. ஒரு நாள் மெதுவாக, "நீங்கள் அதிபர்தானே, ஒருக்கா மேல சொல்லிப் பாருங்கோவன்" என்றா.

எனக்கு மேலே யார் இருந்தார்கள், கடிதங்கள் எங்கே தங்கிக் கிடந்தன என்று எனக்கே தெரியாது. ஆனாலும், "சொல்லிப் பார்க்கிறேன் ஆச்சி" என்றேன். அன்று பின்னேரம் வந்த சாக்கை நானே இரண்டு தரம் கொட்டித் தேடினேன், தபாற்காரர் ஒரு மாதிரியாகப் பார்த்தார். அதில் இருக்கவில்லை. ஐந்தாறு கிழமைக்குப் பிறகு மூன்று கடிதங்கள் ஒன்றாக வந்தன. சைக்கிளை எடுத்துக்கொண்டு நானே கொடுக்கப் போனேன். ஆச்சி கடிதத்தைப் பிரிக்க முதல் என்னைப் பார்த்து, "நான் அப்பவே நினைச்சனான், நீங்கள் சொன்னால் கேப்பினம் எண்டு" என்றா. நான் மறுத்துப் பேசவில்லை. அந்த ஒரு பின்னேரம் மட்டும் நான் அதிபராக இருந்தேன் என்று வைத்துக்கொள்.

புது அதிபர் போகும்போது, மலரில் என் பெயருக்குக் கீழே என்ன போடுவது என்று கேட்டார். ஓய்வுபெற்ற உப தபாலதிபர் என்றேன். "உப வேண்டாம் ஐயா, எடுத்துவிடுவோம்" என்றார். உள்ளே இருந்து வீட்டுக்காரி, "எடுக்க வேண்டாம், இந்த வீட்டில் அதிபர் ஒராள் காணும்" என்றாள். உப இருக்கிறது.

அப்புறம், நல்லூர்க் கொடியேற்றத்துக்கு வருவதென்று மூன்று வருடமாகச் சொல்கிறாய். நாகபட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் ஓடுகிறது, பலாலிக்கு விமானமும் இருக்கிறது, இனி சாட்டுச் சொல்லாதே. மருமகளையும் கூட்டிக்கொண்டு வா. அதிபர் வீட்டுக்கு நானே அழைத்துப் போகிறேன். பாதுகாப்புக்குக் கேற்றடியில் ஒரு நாய் மட்டும் நிற்கும். குரைக்கும், ஆனால் கடிக்காது.

இப்படிக்கு
உன் பழைய வாங்குக் கூட்டாளி