காற்று நின்றாலும் வெளியே வராதீர்கள்

தெருக்காரர்கள் எல்லோருக்கும் வணக்கம். மறுபடி புயல் வருகிறது. புதுச்சேரியில் ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கம் இருக்கும் யாருக்கும் 2024 நவம்பர் 30 இரவு மறந்திருக்காது. 2011-ல் தானே புயல் காற்றால் அடித்து மரங்களைச் சாய்த்தது. 2024-ல் வந்த ஃபெஞ்சல் புயல் அப்படியில்லை. கரையைக் கடந்தும் நகராமல் நின்று, ஒரே நாளில் 46 செ.மீ.க்கு மேல் கொட்டியது. புயலின் கண், அதாவது அதன் நடுப்பகுதி, தலைக்கு மேல் வந்தால் காற்று அடங்கும். அப்புறம் எதிர்த் திசையிலிருந்து அடிக்கும். அந்த அமைதியை நம்பி வண்டியைப் பார்க்க இறங்காதீர்கள்.

இன்று மாலைக்குள் மேல் தொட்டியை நிரப்பிவிடுங்கள். போன முறை நாங்கள் செய்த தப்பு இதுதான்: கீழ்த்தொட்டியில் சாக்கடை கலந்தது தெரியாமல் மோட்டாரைப் போட்டோம், மேல் தொட்டியும் கெட்டது. வெள்ளம் வடிந்ததும் கீழ்த்தொட்டியை முழுசாகக் காலி செய்து, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவிய பிறகே மோட்டார். குடிக்கக் கொதிக்க வைத்த தண்ணீர் மட்டும்.

தண்ணீர் வாசற்படி ஏறும் முன்பே மெயின் சுவிட்சையும் இன்வெர்ட்டரையும் அணையுங்கள். நனைந்த வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

காலில் புண் இருப்பவர்கள் வெள்ளத்தில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் வரலாம். வெள்ளத்தில் நடந்த பிறகு காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் அதைச் சொல்லுங்கள்.

கீழ் வீட்டில் தனியாக இருக்கும் பெரியவர்கள் இருட்டும் முன் எங்கள் மாடிக்கு வந்துவிடுங்கள். சோறும் பாயும் இருக்கிறது. மாத்திரையை மறக்காமல் எடுத்து வாருங்கள். அவசரம் என்றால் 112.