அந்தப் புத்தகத்த சங்கத்துல குடுக்கலாமான்னு கேட்டயே

ஏம்புள்ள, நல்லா இருக்கறயா?

உன்ற கடிதாசி வந்தன்னிக்கே பதில் எழுதோணும்னு நெனச்சேன், அதுக்குள்ள மாமியாளுக்கு மேலுக்கு முடியாம போயி ஆஸ்பத்திரிக்கும் ஊட்டுக்கும் அலைச்சலாப் போச்சு, இப்பத் தேவல, எந்திரிச்சு உக்காந்து கஞ்சி குடிக்கறாங்க. தறி இன்னும் டல்லுதான். பெரியவனுக்கு கோயமுத்தூர்ல வேல கெடச்சிருச்சு, சின்னவன் ரிக் வண்டிக்குப் போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கறான். உன்ற மகளுக்குக் கட்டுசோறு எப்பன்னு நீ எழுதவே இல்ல, தேதி சொல்லு, எந்தச் சோலி கெடந்தாலும் போட்டுட்டு வந்துருவேன்.

செரி, நீ கேட்ட விசயத்துக்கு வர்றேன். கொழந்த இல்லாத பொம்பளைங்கள ஊரு பேசற பேச்சுக்கு எதிரா நீங்க நடத்தற சங்கத்துல, வர்ற மாநாட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் பையில பெருமாள்முருகன் எழுதுன மாதொருபாகன் நாவல போட்டுக் குடுக்கலாம்னு சின்னப் புள்ளைங்க சொல்றாங்க, பெரியவங்க வேண்டாங்கறாங்க, திருச்செங்கோட்டுக்காரி நீ என்ன சொல்றன்னு கேட்டிருக்கற. நான் சொல்றது இதுதான்: அந்த நாவல எல்லாரும் படிக்கோணும், ஆனா சங்கம் அத நோட்டீசாட்ட குடுக்க வேண்டாம்.

ஏன்னு சொல்றேன் கேளு. 2010ல காலச்சுவடு போட்ட புத்தகம் அது, நாலு வருசம் ஆரும் ஒண்ணும் சொல்லல, 2014 கடைசில திடீர்னு எரிக்கறாங்க, 2015 சனவரில இங்க கடையெல்லாம் அடைப்பு, அப்புறம் நாமக்கல்ல கலெக்டர் ஆபீசுக்கு அமைதிப் பேச்சுவார்த்தைன்னு கூப்புட்டு வெச்சு பெருமாள்முருகன்கிட்ட மன்னிப்புன்னு எழுதிக் கையெழுத்து வாங்குனாங்க, ரெண்டு நாள்ல அவரு, எழுத்தாளன் பெருமாள்முருகன் செத்துட்டான்னு பேஸ்புக்ல போட்டுட்டாரு. அந்த நேரத்துல ஊருக்குள்ள கைக்குக் கை போனது புத்தகம் இல்ல புள்ள, ஜெராக்ஸ்தான். கொழந்த இல்லாத பொம்பளைங்க தேர்நோம்பி ராத்திரி முன்னப்பின்ன தெரியாத ஆம்பளைய சாமியா நெனச்சு அவங்கூடப் போயி கொழந்த வாங்கிக்கலாம்னு ஒரு பழைய வழக்கம் கதையில வருது, அந்த எடத்த மட்டும் பிச்சு எடுத்து நகல் போட்டுக் குடுத்தாங்க, அதப் படிச்சவங்க எத்தனையோ பேரு காளின்னா ஆரு பொன்னான்னா ஆரு, பன்னெண்டு வருசமா அந்தப் புருசனும் பொண்டாட்டியும் என்ன பேச்சு கேட்டாங்கன்னு ஒரு வரி தெரியாமத்தான் கொதிச்சாங்க.

இப்ப உங்க சின்னப் புள்ளைங்க, முழுப் புத்தகமும் எல்லாரும் படிக்க மாட்டாங்க, பொன்னா படற பாட்டச் சொல்ற பக்கத்த மட்டும் நகல் எடுத்து ஒரு சின்ன நோட்டாப் போடலாம்னு சொல்றாங்கன்னு எழுதியிருக்கறயே, அதப் படிச்சதும் எனக்குப் பகீர்னு ஆயிருச்சு. அவிய வேண்டாத பக்கத்த வெட்டுனாங்க, நம்ம வேணுங்கற பக்கத்த வெட்டறோம், நாவலுக்கு ரெண்டும் ஒரே வெட்டுதான்.

இன்னொண்ணு, அந்தக் கதையில இருந்து சங்கத்துக்குன்னு ஒரு முழக்கம் எடுக்க முடியாது. அவரே அதுக்கு அப்புறம் ரெண்டு நாவல் எழுதுனாரு, ஆலவாயன்னு ஒண்ணு, அர்த்தநாரின்னு ஒண்ணு, ஒண்ணுல காளி செத்துப் போறான், இன்னொண்ணுல உசிரோட இருக்கறான், ரெண்டும் அதே கதையில இருந்துதான் கெளம்புது. எழுதுனவரே இதுதான் முடிவுன்னு ஒத்த முடிவு சொல்லாம விட்ட கதைய நீங்க மேடையில வெச்சு இதுதான் எங்க கருத்துன்னு எப்படிச் சொல்லுவீங்க? பொன்னா அந்த நோம்பி ராத்திரிக்குப் போனது செரின்னா, தப்புன்னா, காளியோட கோவம் நாயம்னா? மாநாட்டுல எவனாச்சும் மைக்கப் புடிச்சுக் கேட்டா ஆரு பதில் சொல்றது? நாவலுக்கு அப்படி ஒரு பதில் இருக்கோணும்னு அவசியமே இல்ல, சங்கத்துக்கு இருக்கோணும்.

என்ற சின்னம்மாவ உனக்குத் தெரியுமில்ல, காலேஜ்ல படிக்கறப்ப நோம்பிக்கு வந்தா நம்ம ரெண்டு பேத்துக்கும் கச்சாயம் சுட்டுக் குடுப்பாங்களே, அவிய. இந்த தை மாசம் ஒறம்பற ஊட்டுக் கல்யாணத்துல அவிய பக்கத்துல நான் உக்காந்திருந்தேன். மஞ்சளும் பூவும் வெச்ச தட்டு வரிசையா ஒவ்வொருத்தர் முன்னாலயும் வந்துட்டு இருந்துச்சு, சின்னம்மா கைய நீட்டப் போனாங்க, தட்டப் புடிச்சிருந்த பொண்ணு ஒரு நொடி நின்னுட்டு அக்கட்டப் போயிருச்சு. கெட்ட புள்ள இல்ல அது, ஆரோ சொல்லி விட்டிருக்கறாங்க. சின்னம்மா நீட்டுன கைய மடிக்கு இழுத்து சீல முந்தாணிய வெரல்ல சுத்திச் சுத்திப் பிரிச்சுட்டே இருந்தாங்க, முகூர்த்தம் முடியற வரைக்கும். நம்ம பக்கம் கொழந்த பொறந்தாத்தான் எழுதிங்கள்னு ஒரு சீரு செய்வாங்க, அது செஞ்சாத்தான் அருமைக்காரின்னு நல்ல காரியத்துல முன்ன நின்னு சீரு செய்ய முடியும், அப்ப இவியளுக்கு எடம் எங்க? எனக்கு இன்னும் வயிறு எரியுது.

சின்னம்மா அந்த நாவலப் படிச்சாங்க. தார் சுத்தற எடத்துல உக்காந்து மத்தியானத்துல கொஞ்சம் கொஞ்சமா படிச்சாங்க, பொன்னா கொழந்த வேணும்னு மலை உச்சியில வறடிக்கல்லச் சுத்தற எடத்த ரெண்டு தரம் படிச்சேன்னு சொன்னாங்க. உன்ற கடிதாசிய அவியகிட்ட காட்டி, சங்கத்துல இத பையில போட்டுக் குடுத்தா வாங்குவீங்களான்னு கேட்டேன். சட்டுனு சொன்னாங்க, "மாட்டேன் சாமி, நீ கையில குடுத்தே, படிச்சேன். அத்தன பேரு முன்னால வாங்கிட்டு பஸ் ஏறி வந்தா, இவளும் அப்படித்தான் போகப் போறாளான்னு பேசுவாங்க"ன்னு. இதுல பயம் மட்டும் இல்ல புள்ள. பல வருசம் கழிச்சு வைத்தியம் பாத்துக் கொழந்த பெத்தவங்க இந்த ஊர்ல எத்தன பேரு இருக்கறாங்க, 2015ல அவிய மொகத்தப் பாத்தே எந்தச் சாமி குடுத்ததுன்னு கேட்ட நாக்கு இங்க இருந்துச்சு. அப்படிக் கேட்டதுக்கு நாவல் பொறுப்பில்ல. ஆனா சங்கம் ஆருக்காக நிக்குதோ அவிய தலையில அந்தப் பேச்ச மறுபடி எறக்கி வெக்கறதா இருந்தா அவியகிட்ட மொதல்ல கேக்கோணும். கேட்டீங்களா?

இதப் படிச்சுட்டு, அப்ப எரிச்சவங்க பக்கம் பேசறயான்னு உங்க புள்ளைங்க கேப்பாங்க. இல்லவே இல்ல. 2016 சூலை 5ஆம் தேதி ஐகோர்ட்டு என்ன சொல்லுச்சு, அந்தப் பேச்சுவார்த்தைல வாங்குன கையெழுத்து அவர ஒண்ணும் கட்டுப்படுத்தாது, படிக்கறதும் படிக்காததும் படிக்கறவங்க இஷ்டம், புடிக்கலைன்னா தூக்கிப் போடு, எழுதறவரு எழுதட்டும்னு சொல்லுச்சு. கோர்ட்டுக்குப் போனதுல தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்துக்குத் (தமுஎகச) தலைவரா இருந்த தமிழ்ச்செல்வனும் ஒருத்தரு. எழுத்தாளர் சங்கம் அதச் செஞ்சது நூத்துக்கு நூறு செரி, அவியளோட வேலையே அது. நாளைக்கே இந்தப் புத்தகத்த மறுபடி எவனாச்சும் தடை பண்ணோணும்னு கெளம்புனா, உங்க சங்கமும் ரோட்டுல எறங்கோணும், நான் மொத ஆளா வருவேன். எழுதற உரிமைக்கு நிக்கறது வேற, அந்தப் புத்தகத்தையே நம்ம கொடியாப் புடிச்சுட்டுப் போறது வேற.

பையில போட உங்ககிட்ட வேற சரக்கு நெறைய இருக்குது. ஒலகத்துல ஆறு பேத்துல ஒருத்தருக்கு வாழ்க்கைல எப்பவாச்சும் கொழந்த தரிக்கறதுல பிரச்சன வருதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2023ல சொல்லிருக்குது, ஆம்பள பக்கத்துக் காரணமும் நெறைய இருக்குது, அப்படி இருந்தும் நம்ம ஊர்ல மொதல்ல டெஸ்டுக்குப் போறது ஆரு, பொம்பளதான். 2022ல ஈரோட்டுல 16 வயசுப் பொண்ண பொய் ஆதார் காட்டி கருமுட்ட எடுத்து வித்தாங்களே, பெத்தவளே அதுல மாட்டுனாளே, அதப் பத்தி ஒரு நோட்டீஸ் போடுங்க. கருமுட்ட குடுக்கறவங்களுக்கு 23ல இருந்து 35 வயசுக்குள்ள இருக்கோணும், ஆயுசுல ஒரே ஒரு தடவதான்னு 2021ல வந்த சட்டம் சொல்லுது, இது எத்தன பேத்துக்குத் தெரியும்? வைத்தியத்துக்குத் தோட்டத்த அடமானம் வெச்சவங்கள மேடையேத்திப் பேசச் சொல்லுங்க. தட்டுல பூ வர்றப்ப ஆரையும் தாண்டிப் போகக் கூடாதுன்னு ஒவ்வொரு ஊர்லயும் கல்யாண ஊட்டுல நின்னு சொல்லுங்க.

நாவல என்ன பண்றதுன்னா, படிக்கோணும்னு ஆசப்படறவங்க ஒரு பத்துப் பேரு இருந்தாப் போதும், பொழுதோட ஒரு ஊட்டுல உக்காந்து மொத பக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் வாரா வாரம் படிங்க, படிச்சுட்டு சண்ட போடுங்க, அழுங்க, காளிய வைங்க, அது உங்களுக்குள்ள. எடுத்துக் குடுக்கறதுக்கு நானே வர்றேன், சின்னம்மாவையும் கூட்டியாறேன், வர்றேன்னு சொல்லிட்டாங்க. வைகாசித் தேரு ஆரம்பிச்சுட்டா எனக்கு ஊட்டுல ஒறம்பற சாஸ்தி, நகர முடியாது, அதனால சித்திரைக்குள்ள வெச்சுக்க, கெழமைய மட்டும் போன்ல சொல்லு. அண்ணனுக்கு சக்கர இப்பக் கொறைஞ்சிருக்குதான்னும் எழுது.

உன்ற சிநேகிதி
திருச்செங்கோட்டில் இருந்து