செயலாளரின் ஆண்டறிக்கை: நிறுவன இணைப்பும் நம் கொள்முதலும்

மதிப்பிற்குரிய தலைவருக்கும் செயற்குழுவினருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலை வட்டார மளிகை வணிகர்களாகிய நம்மை இவ்வாண்டு அதிகம் கவலைக்குள்ளாக்கியது, நமக்குச் சரக்கு தரும் மொத்த வணிக நிறுவனங்கள் இரண்டு ஒன்றாக இணைந்ததுதான். முன்பு ஒருவரின் விலையைச் சொல்லி மற்றவரிடம் பேரம் பேசினோம்; அந்த வழி அடைபட்டுவிட்டது. விலையைவிட உறுப்பினர்களை வாட்டியவை கடன் தவணை சுருங்கியதும், தீபாவளிக்கு முந்திய வாரங்களில் பருப்பும் நெய்யும் முதலில் அந்நிறுவனத்தின் இணையக் கடைக்குப் போய், மிஞ்சியதே நமக்கு வந்ததும் ஆகும்.

இதன் காரணத்தை உறுப்பினர்கள் தெளிவாக உணர வேண்டும். மொத்த வணிகர் இணையத்திலும் நேரடியாக விற்கத் தொடங்கினால், அவரே நமக்குச் சரக்கு தருபவர், அவரே நம் போட்டியாளர். அவர் விலையை ஏற்றி நாம் வாடிக்கையாளரை இழந்தால், அவர்களில் ஒரு பகுதியினர் அவருடைய இணையக் கடைக்கே போவர்; மாற்று மொத்த வணிகரும் இல்லாதபோது, விலையேற்ற அவருக்குத் தயக்கம் குறைகிறது. கிடங்குகளும் லாரிகளும் ஒன்றாவதால் செலவு குறைவதும் உண்மையே. அந்தப் பயன் கடைக்கு எட்டாமல் இணைய விற்பனையோடு நின்றுவிடுகிறது என்பதே என் வருத்தம்.

போட்டித்தன்மைச் சட்டத்தின் 54ஆம் பிரிவு, போட்டியைக் கணிசமாகக் குறைக்கும் இணைப்புகளைத் தடை செய்கிறது. ஆயினும் இணைப்பை, இச்சட்டத்தைச் செயல்படுத்தும் அரசு ஆணையத்துக்கு முன்கூட்டியே தெரிவிப்பது இங்கே கட்டாயமில்லை. 2018இல் வாடகைக் கார் சேவை நிறுவனமான ஊபர் தன் தென்கிழக்காசிய வணிகத்தைப் போட்டி நிறுவனமான கிராபுக்கு விற்ற பிறகே விசாரணை தொடங்கியது. இரு நிறுவனங்களுக்கும் சேர்த்து 13 மில்லியன் வெள்ளிக்கு மேல் அபராதம் விதிக்கப்பட்டது. ஆகவே பாதிக்கப்பட்டவர்களே ஆதாரத்தோடு முறையிடுவது இன்றியமையாதது.

கடை விலையை நாமனைவரும் கூடி நிர்ணயிக்கலாம் என்ற யோசனையும் ஒரு கூட்டத்தில் எழுந்தது. அதே சட்டத்தின் 34ஆம் பிரிவு அத்தகைய உடன்பாட்டைத் தடுப்பதால் செயற்குழு அதை ஏற்கவில்லை. சேர்ந்து அரிசி கொள்முதல் செய்வது பற்றியும் சட்ட ஆலோசனை பெற்ற பிறகே முடிவெடுக்கப்படும்.

விலைப்பட்டியல்களையும் மறுக்கப்பட்ட ஆர்டர்களையும் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். ஒருவர் கொள்முதல் விலையை மற்றவருக்குக் காட்ட வேண்டாம். இந்த ஆதாரங்களை ஆணையத்திடம் அவரவரே நேரில் அளிக்குமாறு அன்புடன் வேண்டுகிறேன்.

செயலாளர்